ஏழாம் மாடி விலாசம்

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குடியிருப்பவர்களில் கல்லூரி முடித்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் 'டிகிரி' என்று தெருவில் யாராவது குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பவள் ஒருத்திதான். அந்தப் பெயருக்குக் காரணம் அவளுடைய அப்பா. அவர் பெயின்டர். மகள் புள்ளியியலில் முதல் வகுப்பில் தேறிய வாரத்தில், வேலைக்குப் போன வீட்டில் சமையலறைக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று கேட்டவரிடம்கூட, "எங்க பொண்ணு டிகிரி வாங்கிட்டா சார்" என்றுதான் பதில் சொன்னார். தெருக்காரர்களுக்கு இது போதாதா? கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் பெயராகவே ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார்கள்.

அந்தப் பெயரில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. வாங்கி இரண்டு வருடமாகியும் அந்த டிகிரி அவளை ஜெராக்ஸ் கடையைத் தாண்டி எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்தக் கடையில் அவள் நகல் எடுத்தாள், அட்டை போட்டாள், ஊரார் வேலைக்கு அனுப்பும் விண்ணப்பங்களைக் கணினியில் அடித்துக் கொடுத்தாள். அடுத்தவர் கல்யாணத்துக்கு மாலை கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னபோது கடைக்காரர், "மாலை கட்டறவங்களுக்கும் கல்யாணம் ஆகும், அந்தக் கட்டை எடுத்து நம்பர் போடு" என்றார். அவரை எல்லோரும் ஜெராக்ஸ் அண்ணன் என்பார்கள். நல்ல மனிதர்தான். ஆறுதல் சொல்லும்போதுகூட வேலை வாங்காமல் விடமாட்டார்.

தொட்டி என்பது ஊருக்கெல்லாம் தண்ணீர் போகிற பெரிய மேல்நிலைத் தொட்டி. அதன் நிழல் விழுகிற பக்கத்தில் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள். "எங்க இருக்கீங்க?" என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அன்பாகக் கேட்பார். "தொட்டிக்குப் பின்னாடி" என்று சொன்னால், மடியிலிருக்கும் கைப்பையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொள்வார். டிகிரிக்கு அது பழகிப்போயிருந்தது. பேருந்தில் பழகிய அந்த ஒதுக்கல் விண்ணப்பத்திலும் இருக்கும் என்று அவளுக்குத் தோன்ற வெகுநாள் ஆனது.

கண்ணைத் திறந்தது அவள் வேலை செய்த கணினிதான். அவளுடன் படித்தவள் ஒருத்தி, பூங்காவை ஒட்டிய தெருவில் குடியிருப்பவள், கடைக்கு வந்து விண்ணப்பம் அடித்துக்கொண்டு போனாள். மதிப்பெண் டிகிரியைவிடக் குறைவு. அதே காப்பீட்டு நிறுவனத்துக்கு டிகிரியும் அனுப்பியிருந்தாள். பத்து நாளில் அந்தத் தோழி இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாள். டிகிரிக்கு 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு வரிகூட வரவில்லை. அன்று கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவள் இரண்டு விண்ணப்பங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எங்கே இடிக்கிறது என்று தேடத் தேட, கண் கடைசியில் போய் நின்ற இடம் விலாசம்.

இதை வீட்டில் சொன்னாள். அம்மா மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் சொன்னாள். அம்மா வேலை செய்தது மாடிக் குடியிருப்பு ஒன்றில், ஏழாம் மாடியில். வயதான கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீடு. அந்த மேடம் கேட்டதுமே கொதித்துப்போனார்.

"இது என்ன அநியாயம்! எங்க விலாசத்தைப் போடச் சொல்லு. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதானே அவ?"

டிகிரி அதே விண்ணப்பத்தை, அதே மதிப்பெண்களோடு, அதே நிறுவனத்துக்கு மறுபடி அனுப்பினாள். விலாசத்தை மட்டும் மாற்றினாள். ஒரு வாரத்துக்குள் எழுத்துத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தேர்வில் அவள்தான் முதலிடம். நேர்காணலில் மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், மூன்று பேரும் தலையாட்டினார்கள். இழப்பீட்டுப் பிரிவில் கணக்கீட்டு உதவியாளர் வேலை. உத்தரவு கைக்கு வருவதற்கு முன்னால் ஒரே ஒரு சடங்கு பாக்கி. கொடுத்த விலாசத்தில்தான் குடியிருக்கிறாளா என்று பார்க்க ஒருவர் வருவார்.

வீட்டில் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஆள் வேற வருவானா? படிச்ச புள்ளைய வேலைக்கு எடுக்கறாங்களா, பொண்ணு பாக்க வராங்களா?" என்றார் அப்பா.

அம்மாதான் முதலில் தேறினாள். மேடமும் சாரும் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள், வர இன்னும் நாளாகும். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் தூசி தட்டவும் சாவி அம்மாவிடம்தான் இருந்தது.

"நாம என்ன அங்க திருடவா போறோம்? கால் மணி நேரம் சோபாவுல உக்காந்துட்டு எழுந்து வரப் போற. சோபா ஒண்ணும் தேஞ்சுடாது."

"மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்மா."

"அவங்கதானே விலாசம் குடுத்தாங்க? விலாசம் குடுத்தவங்க வாசலுக்கு வராதன்னா சொல்லப் போறாங்க? நீ பேசாம வா."

சரிபார்ப்பவர் காலையிலேயே கைப்பேசியில் கூப்பிட்டு, மதியத்துக்கு மேல் வருவதாகச் சொன்னார். டிகிரி நேர்காணலுக்குப் போட்ட உடுப்பையே தேய்த்துப் போட்டுக்கொண்டாள். இந்த வீட்டுப் பெண் வீட்டுக்குள் இவ்வளவு மடிப்புக் கலையாமலா இருப்பாள் என்று யோசித்து, முழங்கைப் பக்கம் கொஞ்சம் கசக்கிவிட்டுக்கொண்டாள். வழியெல்லாம் அம்மா பாடம் நடத்தினாள். குளிர்பதனப் பெட்டி எந்தப் பக்கம், மாத்திரை டப்பா எங்கே, பால்கனிக் கதவை எப்படித் தூக்கித் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஒன்றை மட்டும் கோட்டைவிட்டார்கள்.

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு. முன்பக்கம் கண்ணாடி பதித்தது, குடியிருப்பவர்களுக்கும் விருந்தாளிகளுக்கும். பின்பக்கம் தகரம் அடித்தது, வீட்டு வேலைக்காரர்களுக்கும் கூரியருக்கும் குப்பை எடுப்பவர்களுக்கும். எட்டு வருடப் பழக்கத்தில் அம்மாவின் கால்கள் தாமாகப் பின்பக்கம் திரும்பின. டிகிரியின் கால்கள் அம்மாவின் கால்களைத் தொடர்ந்தன. ஏழாம் மாடி வீட்டுப் பெண் எதற்காகத் தகர லிஃப்டில் ஏற வேண்டும் என்று இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கதவு மூடப் போகும் நேரத்தில், கையில் ஹெல்மெட்டும் தோளில் பையுமாக ஒரு ஆள் ஓடிவந்து ஏறினார். முன்வாசல் காவலாளி அவரையும் இந்தப் பக்கம்தான் துரத்தியிருக்க வேண்டும், முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அம்மாவுக்கு லிஃப்டில் யாரையும் விசாரிக்காமல் இருக்க முடியாது. "எந்த வீட்டுக்கு தம்பி?"

"ஏழு பி."

"ஏழு பி-யா? அங்க யாரும் இல்லையே தம்பி. மேடமும் சாரும் மகன் வீட்டுக்கு—"

டிகிரி அம்மாவின் காலை ஓங்கி மிதித்தாள்.

"பொண்ணு இருக்கறதா சொன்னாங்களே" என்றார் ஹெல்மெட்காரர். "காலையில போன்ல பேசினேனே."

அம்மாவின் முகத்தில் விஷயம் மெதுவாகப் போய் இறங்கியது. "பொண்ணா? ஆமா ஆமா, பொண்ணு இருக்கு. இருக்கும். தூங்கிட்டிருக்கும்." சொல்லிக்கொண்டே ஐந்தாம் எண்ணை அழுத்தினாள்.

ஐந்தில் இறங்கி, கதவு மூடியதும் இருவரும் படிக்கட்டில் பறந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது அன்று அவளுக்கே மறந்துபோயிற்று. சமையலறைப் பின்கதவைத் திறந்து உள்ளே விழுந்தபோது முன்வாசல் மணி இரண்டாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது. டிகிரி போய்த் திறந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது, மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

ஹெல்மெட்காரர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சிரிக்கவில்லை. "தூக்கத்தைக் கெடுத்துட்டேனா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையில் விளக்குமாற்றோடு உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"நான் இங்க வேலை செய்யறவ தம்பி. பாப்பாதான் இந்த வீட்டுப் பொண்ணு. இப்ப... நான்தான் கடைக்குத் துணைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அஞ்சாவது மாடியில ஒரு வீட்டுல சொல்லிட்டு வந்தோம். நீ உக்காரு பாப்பா, நான் சாருக்குத் தண்ணி கொண்டாறேன்."

பெற்ற அம்மா தன்னைப் பாப்பா என்று கூப்பிட்டு டிகிரி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். வீட்டில் அவள் 'ஏய்'தான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். மெத்தை அவளை உள்ளே இழுத்தது, அவள் வராமல் விறைத்துக்கொண்டாள்.

அவர் பையிலிருந்து அட்டையையும் பேனாவையும் எடுத்தார். எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள், எத்தனை அறை, சொந்த வீடா வாடகையா. அவள் தடுமாறிய இடத்திலெல்லாம் பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. மூன்று படுக்கையறை, இரண்டு பால்கனி, கிழக்குப் பக்க ஜன்னலில் மழைத்தண்ணீர் வடியும். தினமும் துடைக்கிறவளுக்குத் தெரியாதா? அவர் அம்மா பக்கமே திரும்பாமல் எழுதிக்கொண்டே போனார்.

"சரி மேடம். கதவு பக்கத்துல நின்னா ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அப்புறம் குடும்பத்துல பெரியவங்க ஒருத்தர் கையெழுத்து. அம்மாவோ அப்பாவோ."

"குடுங்க, நான் போடறேன்" என்று அம்மா கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்க இங்க வேலை செய்யறவங்கன்னு சொன்னீங்களே?"

நீட்டிய கை அப்படியே நின்றது. மகளுக்காக அவசரத்தில் சொன்ன பொய் அம்மாவையே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. இனி அம்மா என்று சொன்னால் முதலில் சொன்னது பொய். சொல்லாவிட்டால் கையெழுத்து இல்லை.

"மேடம் ஊருல இல்ல தம்பி" என்றாள் ஈனசுரத்தில். "வந்ததும் போட்டுக் குடுப்பாங்க."

"அவ்வளவு நாள் தாங்காதும்மா. இன்னைக்கே அனுப்பியாகணும். ஆள் இல்லன்னு எழுதினா இவங்க வேலை போயிடும், எனக்கும் பாதிக் கூலிதான். அம்மாகிட்ட போன்ல பேசிடட்டுமா? 'ஆமா, என் பொண்ணுதான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் குறிச்சுக்கறேன்."

டிகிரி கைப்பேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவைத் தூக்கித் திறக்க மறந்து இரண்டு முறை இழுத்தாள். மேடத்திடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். வீட்டுக்குள் வந்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். மேடம் கோபிக்கவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"வந்தது பரவாயில்லம்மா. ஆனா இதை எப்படிச் சொல்றது... விலாசம் வேற, பொண்ணுன்னு சொல்றது வேற இல்லையா? நாளைக்கு ஏதாவது பேப்பர்ல வந்துட்டா? சார் ஒத்துக்க மாட்டார். நீ தப்பா எடுத்துக்காத. நான் உனக்காக வேண்டிக்கறேன்."

அவள் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தே ஹெல்மெட்காரர் புரிந்துகொண்டார். பேனாவை மூடி, மறுபடி திறந்தார். குரலைத் தணித்தார்.

"இங்க பாருங்க தங்கச்சி. லிஃப்ட்ல நான் யாரையும் பாக்கல. நானும் டிகிரி முடிச்சுட்டுத்தான் ஹெல்மெட்டைத் தூக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கறேன். இதுல அந்த மேடம் பேர்ல ஒரு கையெழுத்து விழுந்தாப் போதும். யாரு போட்டான்னு எவனும் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறதில்ல. நான் அந்தப் பக்கம் திரும்பி செடியைப் பாத்துட்டு இருக்கேன்."

சொன்னபடியே எழுந்து செடியைப் பார்க்கப் போனார்.

அம்மா யோசிக்கவே இல்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், தரையில் மண்டியிட்டு மேசை மேல் தாளை இழுத்தாள். சோபா பக்கத்திலேயே இருந்தும் அதில் உட்காரத் தோன்றவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு, "மேடம் பேரு எப்படிடி எழுதறது? பெரிய எழுத்துல ஆரம்பிக்கணுமா?" என்று கிசுகிசுத்தாள்.

'தாய்' என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் பேனா முனை வந்து நின்றது. டிகிரிக்கு அதுவரை எல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது. சோபா, பாப்பா, பால்கனி எல்லாமே. இதை மட்டும் பொறுக்க முடியவில்லை. பெற்றவள் மண்டியிட்டு, தன் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறொருத்தி பெயரை எழுத்துக்கூட்டி எழுதப் போகிறாள். அதுவும், சொல்லமாட்டேன் என்று இப்போதுதான் கைகழுவிவிட்டவளின் பெயரை.

அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உன் பேரைப் போடும்மா."

"பைத்தியமாடி உனக்கு? என் பேரைப் போட்டா வேலை போயிடும்."

"போகட்டும். உன் பேரைப் போடு."

"ஏய், அவர் திரும்பறதுக்குள்ள—"

"சார்" என்று டிகிரி சத்தமாகக் கூப்பிட்டாள். "செடியப் பாத்தது போதும், வாங்க. இவங்க எங்க அம்மா. இந்த வீட்டுல வேலை செய்யறாங்க. எங்க வீடு தொட்டிக்குப் பின்னாடி. நடந்தா கொஞ்ச தூரம்தான். சரிபாக்கத்தானே வந்தீங்க? வந்து சரி பாருங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "அது நெகட்டிவ் ஏரியா தங்கச்சி."

"அப்படின்னா?"

"எங்களுக்குக் குடுத்திருக்கற லிஸ்ட்ல இருக்கு. அங்கெல்லாம் ஆள் போய்ப் பாக்க வேண்டியதில்ல. அங்கிருந்து வர்ற விண்ணப்பத்தை ஆரம்பத்துலயே ஓரம்கட்டிடுவாங்க, அப்புறம் எதுக்குப் பாக்கறது?"

அவள் இரண்டு வருடமாகத் தேடிய காரணம் இதுதான். இங்கிலீஷ் சரளமாக இல்லையோ, புகைப்படத்தில் சிரித்திருக்கக் கூடாதோ, எழுத்துப்பிழை இருந்ததோ என்று ராத்திரியெல்லாம் புரண்டு தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். ஒரு மண்ணும் இல்லை. அவள் விண்ணப்பத்தை யாரும் படிக்கவே இல்லை. அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, யாரையாவது சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போன்ற ஒரு தெம்பு.

"வாங்க சார், டீ குடிச்சுட்டுப் போவீங்க" என்றாள்.

இறங்கும்போது முன்பக்க லிஃப்டில் இறங்கினார்கள். காவலாளி வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். வழி நெடுக அம்மா மகளைத் திட்டித் தீர்த்தாள். "கையில கிடைச்சதைக் காலால தட்டிவிட்டா. ஒரு கையெழுத்துடி! ஒரே ஒரு கையெழுத்து! படிக்க வச்சது எங்க தப்பு. தம்பி, நீங்களே சொல்லுங்க, இப்படி ஒரு திமிர் உண்டா?" நடு நடுவே நின்று, தெரிந்தவர்களிடம், "ஆபீஸ்லருந்து வந்திருக்காங்க, நம்ம வீட்டப் பாக்க" என்று சொல்லிக்கொள்ளவும் அவள் மறக்கவில்லை.

ஹெல்மெட்காரர் அந்த ஒற்றை அறையையும் அதன் பின்னாலிருந்த சமையல் தடுப்பையும் பார்த்தார். மீந்த பெயின்டையெல்லாம் கொண்டுவந்து அப்பா அடித்திருந்ததால் சுவர் ஒவ்வொன்றும் ஒரு நிறம். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கேள்விகளை மறுபடி முதலிலிருந்து கேட்டார், இந்த முறை எல்லாவற்றுக்கும் டிகிரியே பதில் சொன்னாள். கதவோரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார். கிளம்பும்போது, "கொடுத்த விலாசம் தப்புன்னு நான் எழுதித்தான் ஆகணும். இந்தப் படத்தையும் கூட வச்சு அனுப்பறேன். ரெண்டு வீட்டுக்குக் கூலி தரமாட்டான், போகட்டும். நீங்க நேர்ல போய்ப் பேசுங்க" என்றார்.

மறுநாளே போனாள். நியமனப் பிரிவு மேலாளருக்கு அம்மா வயதிருக்கும். மேசையில் அறிக்கை திறந்து கிடந்தது.

"நீங்க பொய்யான விலாசம் குடுத்திருக்கீங்க."

"ஆமா மேடம், குடுத்தேன்."

இல்லை என்று சாதிப்பாள், அல்லது அழுவாள் என்று அந்த அம்மாள் எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. ஆமா என்றதற்கு இல்லை.

"ஏன் குடுத்தேன்னு நீங்க கேக்கலையே?"

"சரி, ஏன்?"

"அதுக்கு முன்னாடி இதே ஆபீசுக்கு எங்க சொந்த விலாசத்துல அனுப்பினேன். இதே மார்க், இதே காலேஜ். நீங்க கூப்பிடல. அதுல ஒரே ஒரு வரியப் பொய்யா மாத்தினேன், ஒரு வாரத்துல கூப்பிட்டீங்க. எல்லாமே நிஜமா இருந்தப்ப நீங்க பிரிச்சே பாக்கல மேடம். பொய் வந்தப்புறம்தான் என் நிஜத்தையே படிச்சீங்க. தேர்வு எழுதினது விலாசம் இல்ல, நான்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்டவர் இல்லை. பதமாகத்தான் சொன்னார். "உன் நல்லதுக்குச் சொல்றேம்மா. நல்ல ஏரியாவுல ஒரு ஹாஸ்டல் ரூம் எடுத்துக்கோ. அந்த விலாசத்தைக் குடு, மறுபடி ஆளை அனுப்பறேன். நடந்ததை நான் மறந்துடறேன்."

"அங்க எங்க அப்பா அம்மாவைச் சேத்துப்பாங்களா மேடம்?"

"வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும். ரொம்ப வேணும். அதான் சொல்றேன், ஆளை எங்க வீட்டுக்கே அனுப்புங்க."

"அங்க ஆள் போக மாட்டாங்க."

"நேத்து வந்தாரே. டீ நல்லாருக்குன்னாரே."

மேலாளர் பெருமூச்சு விட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டதற்கு, பேச்சை முடிக்கும் அவசரத்தில், "திங்கட்கிழமை பாக்கலாம்" என்றார். அது போய்விட்டு வா என்பதற்கு அலுவலகங்களில் வழங்குகிற மரியாதையான சொல். டிகிரிக்கும் தெரியும். தெரியாதது போல எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கதவு திறக்கும்போதே வரவேற்பறையில் போய் உட்கார்ந்தாள். முடிவாகவில்லை என்றார்கள். "சரி, அடுத்த திங்கட்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அடுத்த திங்கட்கிழமையும் அதேதான். வரவேற்பில் இருந்த பெண் முதலில் முறைத்தாள், பிறகு சலித்தாள், பிறகு அவளைக் கண்டதுமே, "இன்னும் இல்லக்கா" என்று தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. மகன் வீட்டிலிருந்து திரும்பிய மேடம் அம்மாவிடம் சிரித்த முகத்தோடு சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்த்திருப்பதாகச் சொன்னார். அம்மா ஒரு வாரம் மகளோடு பேசவில்லை. மூன்றாம் மாடியில் வேறு வீடு கிடைத்த அன்றுதான் வாயைத் திறந்தாள். "பரவால்ல, நாலு மாடி குறைஞ்சுது" என்றாள். அதுதான் சமாதானம். ஜெராக்ஸ் அண்ணன் தன் பங்குக்கு, "திங்கட்கிழமைன்னா என் மிஷினுக்கு லீவா? அந்தக் கம்பெனிக்காரன் உனக்குச் சம்பளம் தரானா, நான் தரேனா?" என்று கத்தினார். ஆனால் சம்பளத்தைப் பிடிக்கவில்லை.

கடைக்கு விண்ணப்பம் அடிக்க வரும் தொட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் திங்கட்கிழமைக் கதை தெரிந்துபோனது. வணிகவியல் முடித்த ஒருத்தி, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள், ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எந்த விலாசம் போடறது? எங்க மாமா வேலை செய்யற வீட்டு விலாசம் ஒண்ணு இருக்கு."

"உன் இஷ்டம். பொய் சொல்லாதன்னு சொல்ல நான் யாரு? நானே சொன்னவ."

"நீங்க இப்ப எது போடறீங்க?"

"நான் இப்ப எதுவும் போடறதில்ல. நேர்ல போறேன். திங்கட்கிழமை வேணும்னா வா."

அவள் வந்தாள். அதற்கடுத்த வாரம் அவளோடு படித்தவன் வந்தான். கணினி படித்த அண்ணன் தங்கை இருவர் வந்தார்கள். மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பொறியியல்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் அந்த நிறுவனத்துக்கு ஒருமுறையாவது விண்ணப்பம் அனுப்பி, பதிலே வராமல் போனவர்கள். யாரும் கோஷம் போடவில்லை, அட்டை பிடிக்கவில்லை. தலை வாரி, சான்றிதழ்களை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, வரவேற்பறை நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அன்று பணம் கட்ட வந்த வாடிக்கையாளர்களுக்கு உட்கார இடம் இல்லை. கடைநிலை ஊழியர் உள்ளே போய் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலும் இரண்டில் தொட்டிக்காரர்களே உட்கார்ந்தார்கள்.

மேலாளர் இறங்கி வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு நேராக டிகிரியிடம் வந்தார்.

"யாரு இவங்கெல்லாம்?"

"இன்டர்வியூவுக்கு வந்திருக்காங்க மேடம்."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. அதான் வந்திருக்கோம்."

சுற்றிலும் வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்ன விஷயம் என்று பொறியியல்காரரிடம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். மேலாளர் டிகிரியை ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மேல பேசிட்டேன். உன் விஷயம் முடிஞ்ச மாதிரிதான். உங்க வீட்டு விலாசத்துலயே உத்தரவு குடுத்துடலாம், விதிவிலக்கா. இன்னைக்கே கையில வாங்கிட்டுப் போ. இவங்களை மட்டும் கூட்டிட்டுப் போயிடு."

டிகிரி இரண்டு வருடமாகக் கேட்கத் தவித்த வார்த்தை இது. அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பது காதில் கேட்டது. மறுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடந்து போகிற ஆசை அவளுக்குக் கொஞ்சமும் இல்லை.

"குடுங்க மேடம், வாங்கிக்கறேன்" என்றாள். "அது நான் எழுதி ஜெயிச்சது. நான் எதுக்கு வேணாங்கறேன்? ஆனா இவங்களை நான் கூட்டிட்டு வரல. அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்க வந்திருக்காங்க. போகச் சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும். எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க, சத்தமாவே சொல்லுங்க. எதுக்காகப் போகணும்னும் சேத்துச் சொல்லுங்க."

மேலாளர் வரிசையின் பக்கம் திரும்பினார். ஐந்தாறு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. பணம் கட்ட வந்த கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. ஒரு நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்து, வரவேற்புப் பெண்ணிடம் பேனா கேட்டார்.

"யாரு முதல்ல?"

வணிகவியல் பெண் எழுந்து முன்னால் வந்தாள். உறையை நீட்டினாள். தன் பெயரைச் சொன்னாள். அதோடு நிற்காமல், கேட்பதற்கு முன்பே, கடைசி நாற்காலியில் இருப்பவருக்கும் கேட்கிற குரலில், தான் எங்கே குடியிருக்கிறாள் என்பதையும் சொன்னாள்.